கொசுறு வாங்காத மாதம்

டீச்சர்,

இன்று காலை ஒரு சாண் மல்லிகை என் பலகைக்கே திரும்பி வந்துவிட்டது. வாடிப்போனது என்று யாரும் கொண்டுவந்து எறியவில்லை. நான் அளந்து கொடுத்த முழத்தை வாங்கிக்கொண்டு, அதன்மேல் கிள்ளி வைத்த கொசுறை மட்டும் இரண்டு விரலால் எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்தாள் ஒரு பெண். "இது வேணாம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டாள். பெரிய காஞ்சிபுரத்தில், இந்த பஸ் நிற்கும் முனையில், எத்தனையோ வருடமாகப் பூ விற்கிறேன். கொசுறு போதவில்லை என்று என் பரம்பரையையே இழுத்துப் பேசியவர்கள் உண்டு. கொசுறு வேண்டாம் என்று சொன்னவர் உங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. உங்களுக்குப் பிறகு இவள்தான். யார் இவள் என்று இப்போதே சொல்லமாட்டேன். கொஞ்சம் தவியுங்கள். என்னை ஒரு மாதம் தவிக்க விட்டவர்தானே நீங்கள்!

எனக்கு எழுத வரும் என்பதையே நீங்கள் ரொம்ப நாள் நம்பவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மீதிப் படிப்பெல்லாம் பூ மடிக்க வாங்கும் பழைய பேப்பரில் படித்ததுதான். மடிக்கிற அளவுக்குக் கிழித்த துண்டு என்பதால் எந்தச் செய்திக்கும் எனக்கு முடிவு தெரியாது. "அதனாலதான்க்கா நீங்க இவ்ளோ சந்தோஷமா இருக்கீங்க" என்பீர்கள். இந்த மடலில் எழுத்துப் பிழைகளை என் மகள் வள்ளி திருத்தித் தருவாள். கேலியில் கை வைக்கக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த 'அக்கா'வைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைவிட நீங்கள் மூத்தவர். ஊரே சொல்லும். ஆனால் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்க வந்த முதல் நாளே, தலை நிறைய நரையை வைத்துக்கொண்டு, என்னை அக்கா என்றீர்கள்.

"யாரு அக்கான்னு பல்லைப் பாத்துச் சொல்லட்டுமா டீச்சர்?" என்றேன்.

"பல்லைப் பாக்க நான் மாடு இல்லக்கா. வரலாறு டீச்சர்."

"ரெண்டும் பழசை அசை போடறதுதானே."

நீங்கள் சிரித்த சிரிப்பில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை என் பக்கத்தில் இருந்த கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். அன்றிலிருந்து அது உங்கள் கூடை ஆகிவிட்டது.

காலையில் என் முதல் வியாபாரம் உங்களுடையது. உங்கள் கையால் போணி ஆனால் அன்றைக்குக் கூடையில் பூ மிஞ்சாது என்று நான் நம்பினேன். நீங்கள் அதையும் கிண்டல் செய்தீர்கள். என் கை குட்டை என்பதால் என் முழமும் குட்டை என்பது உங்கள் புகார். அதற்காகவே உங்களுக்கு ஒரு சாண் தாராளமாகக் கிள்ளிப் போடுவேன். அதைத் தனியே எடுத்து உங்கள் கைப்பை வாரில் சுற்றிக்கொள்வீர்கள். அந்தப் பையைத் திறந்தாலே மல்லிகையும் சுண்ணக்கட்டியும் சேர்ந்து ஒரு வாசனை வரும். வகுப்பு வாசனை அப்படித்தான் இருக்கும் போல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை நீங்கள் என் கடைக்கு அழைத்து வருவீர்கள். இங்கிருந்து ஒரு பிள்ளை ஜெர்மனி போகும், அங்கிருந்து ஒன்று இங்கே வரும், இரண்டு பக்கமும் ஒரு வருடம் படிப்பு, சாப்பாடு, இருக்க இடம் எல்லாம் உதவித்தொகையில் நடக்கும் என்று சொன்னீர்கள். "பண்டமாற்று" என்றேன் நான். ஒரு தடவை வந்த நெட்டைப் பையன் மல்லிகையை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? "இதுக்கு பதிலா நம்ம பிள்ளைங்கள்ல எதைப் போய் அனுப்பினீங்க டீச்சர், நட்டமா லாபமா?" என்று கேட்டேன். உங்களுக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தப் பண்டமாற்றில் என் பிள்ளையும் ஒரு பண்டமாக நிற்பான் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

என் பெரியவன் சரவணன் உங்கள் காலேஜில் வரலாறு மேல்படிப்பு சேர்ந்ததும், அந்த ஜெர்மனிப் படிப்புக்கு அவன் மனு போட்டதும் உங்களுக்குத் தெரியும். நான் அடுத்த நாள் காலையில் வழக்கம்போலப் பூவை அளந்துகொண்டே, வாயெல்லாம் பல்லாக அதைச் சொன்னேன். நீங்கள் கூடையில் உட்காரவில்லை.

"நாளையிலேர்ந்து ஒரு மாசம் உங்ககிட்ட பூ வாங்கமாட்டேன்க்கா."

"ஏன், வாடினதைக் கொடுத்தேனா?"

"சரவணன் பேரு எங்க முன்னாடி வந்திருக்குது. யாரை அனுப்பறதுன்னு முடிவு பண்ற குழுவுல நானும் இருக்கேன்."

"அதுக்கும் பூவுக்கும் என்ன டீச்சர்? மல்லியா பரீட்சை எழுதுது?"

"பூவுக்குக் காசு கொடுக்கறேன். கொசுறுக்கு என்ன கொடுக்கறேன்?"

"அது சும்மா வர்றது."

"சும்மா வர்றதை வாங்கிக்கினு அங்க போயி எப்படிக்கா உக்கார்றது? இன்னொரு பொண்ணும் மனு போட்டிருக்குது. அவங்க அம்மா எனக்கு எதுவும் கிள்ளிப் போடலையே."

"சரி, கொசுறு இல்லாம வாங்கிக்குங்க."

"உங்களால கொடுக்காம இருக்க முடியுமா?"

யோசித்துப் பார்த்தேன். முடியாது. விரல் தானாகக் கிள்ளிவிடும்.

குழுவிலும் நீங்கள் இதைச் சொன்னீர்களாம். அந்தப் பையனின் அம்மாவிடம் தினமும் பூவும் கொசுறும் வாங்குகிறவள் நான், வேண்டுமானால் விலகிக்கொள்கிறேன் என்று. "ஒரு சாண் பூவுக்கா மேடம்?" என்று எல்லோரும் சிரித்தார்களாம். பாடம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்று உங்களையே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நீங்கள் எதிர்ச்சாரியில் கோமளாவிடம் பூ வாங்க ஆரம்பித்துவிட்டீர்கள்!

கோமளா சும்மா இருப்பாளா? நீங்கள் பஸ் ஏறியதும் தெருவைத் தாண்டிக் கத்துவாள். "என்னடி, டீச்சர் தலையில என் பூ எப்படி இருக்குது?"

"தலை நல்ல தலைடி. எந்தப் பூ வெச்சாலும் எடுப்பா இருக்குது."

வாய் அப்படிச் சொன்னது. உங்கள் கூடை காலியாகக் கிடந்ததைப் பார்க்கும்போது மனசு வேறு மாதிரி இருந்தது. நீங்களும் சளைத்தவர் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து தினமும் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக் கோமளாவின் பூவைக் காட்டிவிட்டுத்தான் போவீர்கள்.

வீட்டில் சரவணன் சொன்ன சேதிதான் எனக்குக் கவலை. அந்த இன்னொரு பெண்ணின் பெயர் மேகலா, கூரத்துப் பக்கம், அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள் என்றான். நேர்காணலில் அவள் பேசியதை வெளியே நின்று கேட்டானாம். "நல்லாப் பேசிச்சும்மா" என்றான். என் பிள்ளை பொய் சொல்லமாட்டான், அதுதான் அவனிடம் உள்ள குறை.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, உங்கள் காலேஜ் பேராசிரியர் ஒருவர் என் கடைக்கு வந்தார். கண்ணாடி சார் என்று நாம் பட்டப்பெயர் வைத்திருந்தோமே, அவர்தான். சரவணனின் அம்மா பூக்காரி என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருந்தாலும், அது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"செவ்வரளி ஒண்ணு, வெள்ளை நந்தியாவட்டை ஒண்ணு. தனித்தனியா இலையில வெச்சிக் கட்டிக் கொடும்மா. உள்ள என்ன இருக்குதுன்னு வெளியே தெரியக் கூடாது."

பூக்கட்டிப் பார்க்கப் போகிறார் என்று புரிந்தது. நம் பக்கத்தில் முடிவு தெரியாத காரியத்துக்குச் செய்வதுதானே? இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுவோம். சிவப்பு வந்தால் ஒன்று, வெள்ளை வந்தால் மற்றொன்று.

"என்ன சார், இந்த வயசுல பொண்ணு பாக்குறீங்களா?"

"சேச்சே! காலேஜ் விஷயம்மா. ரெண்டு பிள்ளைங்க, ஒரு இடம். அம்மன் கையில விட்டுடலாம்னு நிர்வாகத்துல பெரியவர் சொல்லிட்டாரு. எங்க மேல யாரும் பழி சொல்ல முடியாது பாரு."

இலையை மடித்தபடியே கேட்டேன். "சிவப்பு யாருக்கு சார்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

வாழைநாரை இறுக்கி முடிச்சுப் போட்டேன். மேகலா நன்றாகப் பேசினாள் என்ற சேதியோடு ஒப்பிட்டால், என் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது பெரிய லாபம். அன்று முழுவதும் யார் என்ன பேரம் பேசினாலும் சரி சரி என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். கோமளாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, கோமளா பக்கம் போகாமல், நேரே என்னிடம் வந்தீர்கள். கவிழ்த்து வைத்த கூடையில் உட்கார்ந்தீர்கள். கைப்பையிலிருந்து இரண்டு இலைப் பொட்டலங்களை எடுத்துப் பலகையில் வைத்தீர்கள். நார் பிரியவே இல்லை.

"இந்தாங்கக்கா, உங்க சரக்கு. முடிச்சைப் பாத்ததுமே யாரு கட்டினதுன்னு தெரிஞ்சிடுச்சி."

"பிரிக்கலையா?"

"கோயிலுக்கே போகலை."

"ஏன் டீச்சர், அம்மன் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குதுக்கா. பூக்கட்டிப் பாக்கறது நமக்குத் தெரியாத விஷயத்துக்கு. யாரு முன்னாடி நிக்கறாங்கன்னு எங்களுக்கு நல்லாத் தெரியும். வாயைத் தொறந்து சொல்லத்தான் பயம். எங்க பயத்துக்கு அம்மனை ஏன் இழுக்கணும்?"

யார் முன்னாடி என்று நான் கேட்கவில்லை. நீங்களே சொன்னீர்கள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

"சரவணன் ரெண்டாவது. மேகலாதான் போகுது. மத்தியானமே அறிவிச்சாச்சு. வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு வந்தேன்."

அதற்கப்புறம், குழுவில் நடந்ததைச் சொன்னீர்கள். மேகலா தன் ஊரைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். பல்லவர் காலத்துக் கூரத்துச் செப்பேட்டின் பெருமையைப் பேசும் நாம், அந்தக் காலத்தில் ஏரி வெட்டியவர்களும் ஏர் ஓட்டியவர்களும் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்று ஏன் தேடவில்லை என்பது அவள் கேள்வி. நிர்வாகத்துப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "அங்க போயி நம்ம ஊர்க் குறையைச் சொல்லுவியா? பட்டுச் சேலைக் கரையைப் பத்தி எழுதிக் கொடு, உடனே அனுப்பறேன்" என்றாராம். அவள் மாட்டேன் என்றாளாம். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் சமம் என்ற பேச்சு வந்தது. சமம் என்றால் பூ.

"கேள்வி பிடிக்கலைன்னா பதில் சொல்லாம போகலாம்க்கா. கேள்வியை மாத்தச் சொல்லக் கூடாது" என்றீர்கள்.

குழுவில் இருந்த மூன்று பேரும் அவரவர் வாயால், யார் முதல், ஏன் முதல் என்று சொல்லிவிடுவோம், சமம் என்று நிஜமாகவே நினைப்பவர் அதையும் காரணத்தோடு சொல்லட்டும், அப்புறம் கோயிலுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாயைத் திறந்தது, கையில் என் பொட்டலங்களை வைத்துக்கொண்டு வியர்த்து நின்ற கண்ணாடி சார்தான். "அந்தப் பொண்ணுதான்" என்றாராம். பூவை உங்களிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வரும்போதெல்லாம் எனக்குக் கேலிதான் முதலில் வாய்க்கு வரும்.

"எந்த நிறம் என் பிள்ளைக்குன்னு தெரிஞ்சிருந்தா, ரெண்டு பொட்டலத்துலயும் அதையே வெச்சிக் கட்டியிருப்பேன் டீச்சர்."

"தெரியும்க்கா. அதுக்குத்தான் உங்களைக் குழுவுல போடலை."

இரண்டு பேரும் சிரித்தோம். என் கண்ணிலிருந்து வழிந்ததை நீங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தீர்கள். பிறகு ஒரு முழம் கேட்டீர்கள். "கொசுறும் போடுங்க. மாசம் முடிஞ்சிடுச்சி." கோபத்தில் ஒரு சாணுக்குப் பதில் இரண்டு சாண் கிள்ளிவிட்டேன். கோபத்திலும் குறைவாகக் கிள்ள எனக்கு வரவில்லை, என்ன செய்ய.

சரவணன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று நான் காப்பி போட்டேன். நீங்கள் அவன் முன்னால் உட்கார்ந்து, "கோயில் தூணைப் பத்தி நல்லா எழுதியிருந்தடா. அதுல எல்லாரும் இருந்தாங்க. நீதான் இல்லை" என்றீர்கள். அப்புறம்தான் பையன் சொன்னான். அவனுக்கு உண்மையில் கேட்க இருந்தது பூவைப் பற்றித்தானாம். தோட்டத்தில் விடியாத நேரத்தில் பறிக்கிறவள் கையிலிருந்து சாமி கழுத்துக்குப் போகும்வரை, அந்தப் பூவில் யார் யார் பிழைக்கிறார்கள் என்று.

"அதை ஏண்டா எழுதலை?"

"பூக்காரி மகன் பூவைத்தான் எழுதுவான்னு சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களுது. கேள்வி உன்னுது."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பி பொங்கிவிட்டது. பூ விற்பது எனக்கு வெட்கமாக இருந்ததே இல்லை. என் பிள்ளைக்கு இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவன் வாயிலிருந்து வெளியே எடுத்துப்போட்டவர் நீங்கள். ஜெர்மனி போகாமலே அவன் அந்தப் பூவைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனான், தமிழிலேயே எழுதிப் பட்டம் வாங்கினான். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறான். உங்களை மாதிரியே பழசை அசை போடுகிறான். யாராவது அவனிடம் நீ யார் மகன் என்று கேட்டால், கடை இருக்கும் முனையையும் சேர்த்துச் சொல்கிறான். வெளிநாட்டு விமானம் இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்தீர்கள்.

உங்களுக்குத்தான் நட்டம். துறைத் தலைவர் பதவி உங்களுக்கு வரவேண்டிய வருடம் வேறு யாருக்கோ போனது. நான் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு இருந்தேன். "நல்லதாப் போச்சுக்கா. தலைவரானா அந்தப் பெரியவரோட கார்ல பக்கத்துல உக்காந்து போகணும். இப்ப எனக்கு பஸ்ஸுல ஜன்னல் சீட்டு" என்றீர்கள். எனக்கு ஆத்திரம் தீர, அன்றைக்கும் இரண்டு சாண்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போனபோது, கூடையில் இருந்ததெல்லாம் கொண்டுவந்தேன். முழம் போடவில்லை. கோமளாவும் தன் கூடையோடு வந்தாள். அன்றைக்கு வேணாம்க்கா என்று சொல்ல உங்களால் முடியவில்லை. உங்களிடம் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான், அந்த ஜெயிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

சரி, தவித்தது போதும். இன்று காலை கொசுறைத் திருப்பி வைத்தவள் மேகலா. ஜெர்மனியில் படித்து முடித்து வந்து, உங்கள் காலேஜிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் நின்ற இடத்தில் நின்று பஸ் ஏறுகிறாள். பேச்சில் மட்டும் என்னை அக்கா என்பதில்லை, அம்மா என்கிறாள். மரியாதை தெரிந்த பெண்.

"ஏம்மா வேணாம்? டீச்சர் ஆவி உன்னைப் புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டேன்.

"வள்ளி பேரு வந்திருக்குதும்மா. நான் குழுவுல இருக்கேன்."

ஆமாம் டீச்சர், இந்த வருடம் என் சின்னவள் மனு போட்டிருக்கிறாள். வள்ளி என்ன கேள்வி எழுதியிருக்கிறாள் தெரியுமா? இந்த ஊரில் தெருவோரம் பூ விற்கும் பெண்களுக்கு உட்கார இடம் யார் கொடுக்கிறார்கள், யார் எழுப்பிவிடுகிறார்கள், அதற்கு என்னென்ன கொடுத்தாக வேண்டியிருக்கிறது. போன வாரம் அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். அவள் ஜெர்மனிக்குப் போய்விடுவாள். நான் இதே முனையில் நாளைக்கும் பலகை போட வேண்டும். "வேற ஏதாச்சும் மாத்தி எழுதுடி" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் கூடையில் உட்கார்ந்து என்னையே பார்ப்பது போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியதைப் பார்த்து வள்ளி பயந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

"நீ எழுதினதுல பாதிதான் இருக்குது" என்றேன். "கூட்டம் கொறைஞ்சதும் கடைக்கு வா. மீதியை நான் சொல்றேன். கோமளாவும் சொல்லுவா, அவளுக்கு இன்னும் அதிகம் தெரியும்."

இரண்டு நாளாக வந்து கேட்டு எழுதிக்கொள்கிறாள், உங்கள் கூடையில் உட்கார்ந்துகொண்டு. அவள் போவாளா, வேறு பிள்ளை போகுமா, மேகலாதான் பார்க்க வேண்டும். ரெண்டாவது வந்தால் அதையும் என் கண்ணைப் பார்த்துச் சொல்லுவாள் என்ற தைரியம் எனக்கு இருக்கிறது.

திரும்பி வந்த அந்த ஒரு சாண் மல்லிகையை விற்க மனசு வரவில்லை. என் கொண்டையிலேயே செருகிக்கொண்டேன். பூக்காரி பூ வைத்தால் அது செய்திதான் இந்தத் தெருவில். கோமளா அங்கிருந்தே பார்த்துவிட்டாள்.

"என்னடி, இன்னிக்கு என்ன விசேஷம்?"

"கோமளா, நாளையிலேர்ந்து ஒரு மாசத்துக்கு அந்தக் காலேஜ் பொண்ணு உன்கிட்டதான் பூ வாங்கும். நானே சொல்லியனுப்பறேன். மொழத்தை ஒழுங்கா அளந்து போடு."

"ஏன், சண்டையா?"

"சண்டை இல்லடி" என்றேன். "எங்க டீச்சர் வழக்கம்."